முத்திரை யார் கையில்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசலில் கண்டெய்னர் லாரி நிற்கிறது. கடைசி அட்டைப்பெட்டியும் ஏறியாயிற்று. கதவைச் சாத்தி, கொண்டியில் விரல் பருமனுள்ள எஃகு ஆணி ஒன்றைச் செருகி அழுத்துகிறார்கள். ‘டக்’கென்று ஓர் ஓசை. இனி அந்த ஆணியை அறுத்தால்தான் கதவு திறக்கும். ஆணியில் ஓர் எண் பொறித்திருக்கிறது. அதே எண் சரக்கின் ஆவணங்களிலும் ஏறுகிறது. லாரி தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று இரவோடு இரவாக ஓடித் தூத்துக்குடியை அடைகிறது. துறைமுகத்தில் சுங்கத்துறை முதலில் சரிபார்ப்பது அந்த எண்ணைத்தான். சீல் சரியாக இருந்தால், உள்ளே இருக்கும் சட்டையைப் பொதுவாக யாரும் தொட வேண்டியதில்லை.

வணிக உடன்படிக்கைகளைப் பற்றிய செய்திகளில் பெரிய எழுத்தில் வருவது வரி விகிதம். பேச்சுவார்த்தை மேசையிலோ அதே அளவுக்கு இழுபறியாகும் கேள்விகள் வேறு சில உண்டு. சரக்கை எண்ணுவது யார்? எண்ணியதற்கு முத்திரை வைப்பது யார்? ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடு அப்படியே ஏற்க வேண்டுமா, தானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமா? சந்தேகம் வந்தால் அதற்கான செலவு யார் தலையில் விழும்? ஜவுளி ஏற்றுமதியைக் கண்காணிப்பது பற்றி அரசுகள் நடத்திய பேரங்களைத் தூத்துக்குடிக் கரையில் நின்று பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. முத்திரை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே லாபத்தின் சாவியும் இருந்திருக்கிறது என்பதே இந்தக் கரையின் வரலாறு சொல்லும் பாடம்.

கொட்டில் வைத்த மூன்று குவியல்

கண்காணிப்பு இந்தக் கரைக்குப் புதிதல்ல. துணிக்கு முன்பே முத்து இங்கே எண்ணப்பட்டது. பிரிட்டிஷார் காலத்து முத்துக்குளிப்பில், கடலடிப் பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதிலிருந்த முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட வேலியிட்ட இடத்துக்குள் கொண்டுபோய் மூன்று சம குவியல்களாக வைக்க வேண்டும். குவிப்பவர்கள் படகுக்காரர்கள். எந்த இரண்டு அரசுக்கு என்று கைகாட்டுபவர் அதிகாரி. மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு.

மூச்சடக்கிக் கடலடியில் உழைத்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்பது அநியாயம். ஆனால் பங்கு வைத்த முறையில் ஒரு நுட்பம் இருந்தது. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று குவிப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒன்றில் கூட்டி ஒன்றில் குறைத்து வைப்பதில் அவருக்கு ஆதாயமில்லை. குவிக்கும் கை வேறு, எடுக்கும் கை வேறு. ஒருவரையொருவர் நம்பாத இரு தரப்பும் அளவில் மட்டும் சண்டையின்றிப் பிரிய இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

இதற்கு முன், 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துக்குளிப்பை உள்நாட்டு ஆட்சியாளர்களோடு ‘கல்’ கணக்கில் பங்கிட்டது. குளியாள் ஆழத்துக்கு இறங்கக் காலில் மாட்டும் கல்லே உரிமையின் அலகு. மதுரை நாயக்கருக்கு 96½ கல், சேதுபதிக்கு 60 கல் வரியில்லாமல் விடப்பட்டன. அந்த அரைக்கல்லைக்கூட விட்டுக்கொடுக்காமல் பேசி முடித்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே பேரம் எவ்வளவு கறாராக நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

துணியில் கதை வேறு. தூத்துக்குடிப் பண்டகசாலை வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் துணிகளை டச்சுக் கம்பெனி வாங்கியது. சோழமண்டலக் கரையெங்கும் போலவே, மாதிரியோடு ஒப்பிட்டு முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்தது வாங்கியவரே. கடல்மேல் இன்னொரு பிடி இருந்தது. கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கோடு பறிபோகும். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தலைமுறைகளாக இலங்கைக்குத் துணி ஏற்றிப்போன மரைக்காயர்கள் எதை ஏற்றலாம், எந்தத் துறைக்குப் போகலாம் என்பதை அந்தச் சீட்டு தீர்மானித்தது. எழுதியது கம்பெனி, சோதித்தது கம்பெனி, அதே துணியை அதே கரையில் விற்றதும் கம்பெனி. கொட்டில் இருந்த நுட்பம் இங்கே இல்லை. குவித்த கையே எடுத்தது.

சட்டைக்கு ஒரு விசா

இந்திய மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961. அதே ஆண்டு ஜெனீவாவில் பருத்தி ஜவுளிக்கான குறுகிய கால ஏற்பாடு ஒன்று உருவானது. ஏழை நாடுகளின் மலிவுத் துணி தங்கள் ஆலைகளை மூடிவிடும் என்று அஞ்சிய பணக்கார நாடுகள், நாடுவாரியாக, வகைவாரியாகக் கோட்டா என்ற வரம்பு கட்டின. 1962-இல் அது நீண்ட கால ஏற்பாடானது. பின்பு பருத்தியோடு கம்பளியும் செயற்கை இழையும் சேர்ந்து, 1974 ஜனவரியில் பல்லிழை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு ஜூலை 11. இத்துறைமுகம் தன் முதல் முப்பது ஆண்டுகளை முழுக்கக் கோட்டா நிழலில்தான் கழித்தது.

கோட்டா வெறும் எண்ணாக இருந்தால் காகிதத்தோடு போயிருக்கும். அதை நிறைவேற்ற ஒரு கண்காணிப்பு வேண்டும், அதற்கு இரு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். அமெரிக்காவுடனும் ஐரோப்பிய சமூகத்துடனும் இந்தியா தனித்தனி இருதரப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. பேசித் தீர்க்க வேண்டியவை எத்தனை! பின்னலாடை ஒரு வகை, நெய்த சட்டை ஒரு வகை, கால்சட்டை ஒரு வகை, படுக்கை விரிப்பு ஒரு வகை. ஒரு வகையில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்றலாமா, இந்த ஆண்டு மீந்ததை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, அடுத்த ஆண்டுப் பங்கிலிருந்து இப்போதே கடன் வாங்கலாமா, எத்தனை சதவீதம் வரை? ஒவ்வொரு சதவீதத்துக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கான தையல் இயந்திரங்கள் ஓடுவதும் நிற்பதும் இருந்தன.

அமெரிக்கா போகும் மனிதருக்கு வேண்டியதுபோலச் சட்டைக்கும் விசா வேண்டியிருந்தது. அது பேச்சு வழக்கு அல்ல, ஒப்பந்தத்தில் இருந்த பெயரே ‘விசா’. மூல இன்வாய்சின் முகப்பில் நீல மையில் வட்ட முத்திரை விழும். அதில் ஓர் எண் இருக்கும்: ஆண்டின் கடைசி இலக்கம், இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு ஆறு இலக்க வரிசை எண். தேதி, அதிகாரியின் கையொப்பம், வகை எண், அளவு. இவற்றில் ஒன்று பிசகினாலும் சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் நின்றுவிடும். திருத்திய விசா வரும்வரை கிட்டங்கி வாடகை ஏறும், பருவம் போகும், வாங்குபவர் தள்ளுபடி கேட்பார். ஐரோப்பாவுக்கு இரட்டைச் சரிபார்ப்பு முறை. இங்கே ஏற்றுமதி உரிமம், அங்கே அதைக் காட்டி இறக்குமதி உரிமம், இரு பக்க எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த முறையில் வியக்கத்தக்க ஒன்று உண்டு. முத்திரை ஏற்றுமதி செய்யும் நாட்டின் கையில் இருந்தது. ஆடைகளுக்குக் கோட்டாவைப் பங்கிட்டது ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், நூலுக்கும் துணிக்கும் பருத்தி ஜவுளி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில். ஆனால் அந்த முத்திரையின் பலன் தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்ததா? கோட்டாவில் பெரும்பங்கு முந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆர்டர் இருந்தும் கோட்டா இல்லாதவர், கோட்டா இருந்தும் ஆர்டர் இல்லாதவரிடம் விலை கொடுத்து வாங்கினார். ஒரு சட்டைக்கான பஞ்சு, நூல், சாயம், தையல் கூலி ஆகியவற்றோடு கோட்டா விலையும் சேர்ந்தது. அந்தப் பணம் நெசவு செய்யவில்லை, தைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. வரம்பு போட்டவர் வெளிநாட்டவர், அந்த வரம்பைச் சரக்காக்கி விற்றவர்கள் நம்மவர்கள்.

நல்ல பக்கமும் ஒன்று இருந்தது. கைத்தறித் துணிக்கும், குடிசைத் தொழிலாகக் கையால் செய்த பொருளுக்கும் பல்லிழை ஒப்பந்தம் விலக்கு அளித்தது. ஆனால் ‘இது கைத்தறிதான்’ என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட முறைப்படி சான்று வேண்டும். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜவுளிக் குழு அத்தகைய சான்றுகளை வழங்கியது. முத்திரை தடையாக இருந்த அதே காலத்தில், கைத்தறி நெசவாளிக்கு அது கதவையும் திறந்தது.

எண்ணை எதிர்த்து வழக்கு

1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது கோட்டாவைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்க உடன்பாடு ஏற்பட்டது. முதலில் 16 சதவீத இறக்குமதி, 1998-இல் 17, 2002-இல் 18, மிச்சமிருந்த 49 சதவீதம் 2005 ஜனவரி 1-இல். ஏறத்தாழப் பாதி கடைசி நாள்வரை தள்ளிவைக்கப்பட்டதிலேயே பேரத்தின் வலிமை யாரிடம் இருந்தது என்று தெரியும். இடைக்காலத்தைக் கவனிக்க ஜெனீவாவில் ஜவுளிக் கண்காணிப்புக் குழு அமைந்தது.

உலக வர்த்தக அமைப்பின் முதல் ஆண்டிலேயே, 1995 ஜூலையில், இந்தியாவிலிருந்து வரும் நெய்த கம்பளிச் சட்டைகளுக்கு அமெரிக்கா புதிய வரம்பு விதித்தது. உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்பட்டதாக அது காட்டிய கணக்கைக் கண்காணிப்புக் குழு ஏற்றது. இந்தியா விடவில்லை, வழக்கு தொடுத்தது. தீர்ப்பு வருவதற்குச் சற்று முன், 1996 நவம்பரில், அமெரிக்கா தானே வரம்பை விலக்கிக்கொண்டது. ஆனாலும் 1997 ஜனவரியில் தீர்ப்பாயம் இந்தியாவின் பக்கம் நின்றது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பிட்ட தொழிலின் புள்ளிவிவரத்தை அமெரிக்கா சரியாக ஆராயவில்லை என்பதே காரணம். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது.

அடுத்த வழக்கு கரூருக்கு நெருக்கமானது. படுக்கை விரிப்பும் மேசைத்துணியும் சமையலறைத் துண்டும் நெய்து அனுப்பும் ஊர் கரூர். இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகள் அடிமாட்டு விலைக்கு வருவதாகச் சொல்லி 1997-இல் ஐரோப்பிய சமூகம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. கணக்குப் போட்ட விதம் இது: ஒரு ரகம் உள்நாட்டு விலையைவிடக் குறைவாக விற்றால் அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது, இன்னொரு ரகம் அதிகமாக விற்றால் அந்த வித்தியாசத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்வது. இப்படிக் கூட்டினால் யார் விற்றாலும் குற்றவாளிதான். 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பு இந்தக் கணக்குமுறை ஒப்பந்தத்துக்கு முரண் என்று அறிவித்தது. பின்னாளில் உலகமெங்கும் பல நாடுகள் இதே முறையை எதிர்த்து வெல்ல இந்தியாவின் இவ்வழக்கு வழிகாட்டியது.

இரண்டு வழக்குகளிலும் ஒரே குறை தெரிகிறது. எண்ணியவரும் பயன்பெறுபவரும் ஒருவராகவே இருந்தார். அதை உடைக்க வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்பட்டது.

கோட்டா ஒழிந்த பிறகும் கண்காணிப்பு ஒழியவில்லை. 2005-இல் சீனத் துணி பெருகியதும் ஐரோப்பிய ஒன்றியம் ஜூன் மாதம் ஷாங்காயில் பேசி, பத்து வகைகளுக்கு வரம்பு வாங்கியது. ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்த கடைக்காரர்களின் சரக்கு கோடிக்கணக்கான உருப்படிகளாக ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கி, செப்டம்பரில் மறுபடி பேசித்தான் விடுவிக்கப்பட்டது. 2008-இல் வரம்பு போனது, எட்டு வகைகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு மட்டும் ஓராண்டு நின்றது. 2007-இல் வியட்நாம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது அமெரிக்காவும் அதன் ஆடைகளை ஈராண்டுக்கு மேல் கண்காணித்தது. வழக்கு எதுவும் போடப்படவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தியே ஆர்டர் கொடுப்பவர்களைத் தயங்க வைக்கப் போதுமானது.

நாம் எண்ணியபோது

இதுவரை இந்தியா எண்ணப்பட்ட கதை. இந்தியா எண்ணிய கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கு எதிர்க்கரை இலங்கை. 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வணிக உடன்பாட்டில், ஆண்டுக்கு 80 லட்சம் ஆடைகளுக்கு வரிச்சலுகை கிடைத்தது. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்தவையாக இருக்க வேண்டும். ஒரு வகைக்கு இவ்வளவுதான் என்று உள்வரம்பும் வைக்கப்பட்டது. தொடக்கத்தில் சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே நுழைவு. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு சான்று, ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு சோதனை. முதல் ஆண்டுகளில் அந்த ஒதுக்கீடு மிகச் சொற்பமாகவே பயன்பட்டது. வரியில் கொடுத்ததைக் கண்காணிப்பில் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

2025 மே 17-இல் வங்கதேச ஆயத்த ஆடைகள் நவசேவா, கொல்கத்தா ஆகிய இரு கடல் துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா அறிவித்தது. வரி கூட்டப்படவில்லை. நுழையும் வாசல் மட்டும் மாற்றப்பட்டது. எல்லைச் சாலையில் எளிதாக வந்த லாரிக்கு அதுவே பெரிய தடை. இதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. ஆனால் வாசலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு கனமான ஆயுதம் என்பதைக் கடலோடிகளின் இந்தக் கரை டச்சுக்காரர் காலத்திலேயே அனுபவித்திருக்கிறது.

கொழும்பில் கப்பல் மாறும்போது

தூத்துக்குடிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெரிய தாய்க்கப்பல்கள் நெடுங்காலம் இங்கே வர முடியாததால், இங்கிருந்து போகும் கண்டெய்னர்களில் பெரும்பாலானவை சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே வேறு கப்பலுக்கு மாறும். வரிச்சலுகை தரும் உடன்பாடுகளிலோ சரக்கு நேராக வர வேண்டும், இடையில் மூன்றாம் நாட்டில் இறங்கினால் அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்திருக்க வேண்டும், யாரும் கைவைத்திருக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். திருப்பூரில் ‘டக்’கென்று பூட்டிய அந்த ஆணியின் எண் இங்கேதான் சாட்சி சொல்கிறது. எண் மாறியிருந்தால், சட்டை இந்தியாவில் தைத்ததுதானா என்ற கேள்வி எழும்.

கேள்வியின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா முதலில் 25 சதவீதம், 27-ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தபோது திருப்பூரின் கலக்கத்தை நாடே பார்த்தது. அவ்வளவாகக் கவனம் பெறாத ஒரு விதி, முதல் 25 சதவீதத்தை விதித்த ஜூலை 31 ஆணையில் இருந்தது: வரியைத் தப்பிக்க வேறு நாட்டு வழியாகச் சுற்றி அனுப்பப்பட்டதாகத் தீர்மானிக்கப்படும் சரக்குக்கு 40 சதவீதத் தண்டவரி. தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குத் தரப்பட்டது? இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கத்துறைக்கு. பழைய விசா முறையில் முத்திரை ஒரு கையிலும் சோதனை இன்னொரு கையிலும் இருந்தன; இந்த விதியில் இரண்டும் ஒரே கையில் இருந்தன.

இன்னொரு பக்கம், முத்திரை அரசிடமிருந்து ஏற்றுமதியாளரின் கைக்கே வந்திருக்கிறது. முன்பு கலால் அதிகாரி ஆலைக்கு வந்து நின்றுதான் கண்டெய்னருக்குச் சீல் வைப்பார். 2017 முதல் மின்னணுச் சீலை ஏற்றுமதியாளரே பூட்டுகிறார். அதே ஆண்டு தொடங்கி, ஐரோப்பாவின் பொதுச் சலுகைத் திட்டத்துக்குப் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் தாமே பிறப்பிடத்தை அறிவிக்கும் முறை வந்தது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் உடன்பாடும் சுயஅறிவிப்பை ஏற்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அறிவித்தவரே ஆண்டுக்கணக்கில் ஆதாரங்களைக் காத்துவைக்கவும் வேண்டும். நூல் எங்கிருந்து வந்தது, நிட்டிங் எங்கே, சாயம் எங்கே, தையல் எங்கே? பத்து ஜாப் ஒர்க் இடங்களைக் கடந்துவரும் திருப்பூர்ப் பனியனுக்குப் பத்து இடத்துக் காகிதம் வேண்டும். பெரிய கம்பெனி இதற்கென ஆளை வைத்துக்கொள்ளும். இருபது தையல் இயந்திரம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சூழல்வடிவமைப்புச் சட்டத்தின்படி, வரும் ஆண்டுகளில் ஜவுளிக்கு மின்னணுப் பொருள் கடவுச்சீட்டும் வரவிருக்கிறது. சட்டைக்கு விசா கேட்ட காலம் போய்ப் பாஸ்போர்ட் கேட்கும் காலம் வருகிறது.

செய்ய வேண்டியவை

கண்காணிப்பே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கள்ளச் சரக்கு நம் பெயரில் போனால் கெடுவது நம் பெயர். கட்டாய உழைப்பில் விளைந்த பஞ்சு நம் நூலில் கலக்கக் கூடாது. நொய்யல் ஆற்றில் சாயத்தைக் கொட்டித் தைத்த ஆடையை உலகம் கேள்வி கேட்டால் அதில் தவறில்லை. கேட்க வேண்டியது கண்காணிப்பின் அமைப்பு நியாயமானதா என்பதையே. கொட்டில் வைத்த மூன்று குவியலே அதற்கு அளவுகோல்: எண்ணுபவரும் எடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

ஆகவே நம் அரசு இனிச் செய்யும் ஒவ்வொரு உடன்பாட்டிலும் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். சுற்றி அனுப்பியதாகக் குற்றம் சாட்டும் நாடு, தண்டிக்கும் முன் இந்தியச் சுங்கத்துறையின் கணக்கோடு தன் கணக்கை ஒப்பிட வேண்டும். கொழும்பில் கப்பல் மாறிய சரக்குக்கு, உடையாத சீலும் மாறாத எண்ணுமே போதிய சான்றாக வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான ஆதாரச் சுமைக்கு ஓர் அளவு வேண்டும். சந்தேகம் பொய்யானால் காத்திருப்புச் செலவைச் சந்தேகப்பட்டவர் ஏற்க வேண்டும். இவற்றை வெளியே கேட்பதற்கு முன் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் நாம் அதே நியாயத்தைத் தர வேண்டும்.

உள்ளூரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஜவுளிக் குழுவும் ஏற்றுமதி கவுன்சில்களும் திருப்பூரிலும் கரூரிலும் சிறு கம்பெனிகளுக்கு ஆவணம் தயாரித்துத் தரும் உதவி மையங்களை நடத்த வேண்டும், கட்டணமில்லாமல். 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் 14 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள புதிய கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. தாய்க்கப்பல்கள் நேரே வரும்படி அதை முழுமையாகப் பயன்படுத்தினால், பிறப்பிடச் சந்தேகத்தில் பாதி இங்கேயே தீரும். வரி குறைந்தது என்று அடுத்த முறை செய்தி வரும்போது, வாசகர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: முத்திரை யார் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது? அதற்கு விடை தெரியாமல் கையெழுத்தாகும் எந்த உடன்பாடும் தைப்பவருக்குப் பாதி உடன்பாடுதான்.